இருநூற்றுப் பன்னிரண்டு வரை நின்றவன்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். யூனிபார்ம் காயவில்லை. அம்மா இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தே காயப்போட்டாள். அப்படியும் முதுகில் ஈரம். பிசிக்ஸ் டெஸ்டில் இருபத்தைந்துக்குப் பதினாறு.

பழைய ரெக்கார்ட் நோட்டில் பின்பக்கம் நிறைய மிச்சம். அதனால் இங்கே எழுதுகிறேன். என் ரெக்கார்ட் நோட்டை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள், என்னையும் சேர்த்து.

இன்றைக்கு நான் செய்ததை ஒழுங்காக எழுத வேண்டும். சுற்றி வளைக்கக் கூடாது.

கடைசி இரண்டு பீரியடும் பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களுக்கு மட்டும் தனி வகுப்பு. பெண்பிள்ளைகளை லேபுக்கு அனுப்பிவிட்டார்கள். மதுரையிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். வலது கையில் வாட்ச், சிரித்த முகம். போர்டில் "ஆம்பளைன்னா யாரு?" என்று எழுதிவிட்டு, மனசில் பட்டதைச் சொல்லுங்கள் என்றார். பையன்கள் சொல்லச் சொல்ல அவரே எழுதினார்:

மீசை
சொந்த பைக்
அடித்தால் திருப்பி அடிக்கிறவன்
வீட்டைக் காப்பாற்றுகிறவன்
அழாதவன் (வேல்ராஜ் சொன்னது)
அருவியில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறவன் (இதுவும் வேல்ராஜ்)

கடைசியைச் சொன்னதும் எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். சாருக்குப் புரியவில்லை. வேல்ராஜ்தான் விளக்கினான். எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. குற்றாலம் பேரருவியில் தண்ணீர் கனமாக விழும் இடத்தில், பிடிமானத்துக்குப் போட்டிருக்கும் கம்பியைத் தொடாமல் நிற்க வேண்டும். வெளியே ஒருத்தன் எண்ணுவான். நூறு வரை நின்றால் ஆம்பளை. அதற்குள் ஓடி வந்தால் அவனுக்குப் பெண்பிள்ளைகள் குளிக்கும் பக்கத்தைக் கைகாட்டுவோம். போன ஆகஸ்டில் நான் இருநூற்றுப் பன்னிரண்டு நின்றேன். எண்ணியது வேல்ராஜ். பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரும் இசக்கி இருநூற்று ஒன்பது. இதுவரை யாரும் எங்களைத் தாண்டவில்லை.

சார் எங்களைப் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தார். கடைசியாக எப்போது அழுதீர்கள், எங்கே? பேர் போட வேண்டாம். வாசித்ததும் கிழித்துப் போடுவேன், வாக்கு.

எழுத ஆரம்பித்தபோது 'அழுததே இல்லை' என்றுதான் எழுத இருந்தேன். என்ன கிறுக்கோ, உண்மையை எழுதிவிட்டேன். அருவிக்குள் நின்று அழுவேன், தண்ணீர் விழுவதால் யாருக்கும் தெரியாது. இவ்வளவுதான். பக்கத்தில் இசக்கி கையை வைத்து மறைத்துக்கொண்டு எழுதினான். நானும் அப்படித்தான்.

சார் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தார். ஒருத்தன் கிரிக்கெட்டில் தோற்றதற்கு அழுதானாம். ஒருத்தன் வெங்காயம் உரித்ததில். சிரிப்பு. அடுத்ததைப் பிரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுதியிருந்தபடி வாசிக்காமல் தன் வார்த்தையில் சொன்னார். "ஒரு தம்பி, அழுகை வந்தா அருவிக்குப் போயிருவாராம். தண்ணிக்குள்ள நின்னு அழுதா யாருக்கும் தெரியாதாம்."

எல்லோரும் பெஞ்சைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

"எவம்லே அது?" வேல்ராஜ் எழுந்து நின்று ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தான். என் காது இரண்டும் கொதித்தது. அவன் கண் எங்கள் பெஞ்சுக்கு வந்துவிட்டது.

என் கை தானாகப் போனது என்று எழுதப் பார்த்தேன். தானாகப் போகவில்லை. பேனாவை எடுத்து, இசக்கியின் தோளுக்கு நேராக நான்தான் நீட்டினேன். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தேன்.

இசக்கி என்னைப் பார்த்தான். இல்லை என்று சொல்வான் என நினைத்தேன். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். சார் சத்தம் போட்டு எல்லோரையும் அடக்கினார். சீட்டை நாலாகக் கிழித்தார். மணி அடித்துவிட்டது.

தினமும் அவன் சைக்கிள் மிதிப்பான், நான் கேரியரில். ஆறாம் வகுப்பிலிருந்து அப்படித்தான். இன்று நான் ஸ்டாண்டுக்குப் போவதற்குள் சைக்கிள் இல்லை. நடந்து வந்தேன்.

ஜூலை 9, புதன்

சாரல் விட்டுவிட்டு. நோட்டுக்கு அட்டை வாங்க வேண்டும். கெமிஸ்ட்ரி டியூஷன் இல்லை.

இசக்கிக்குப் பேர் வைத்துவிட்டார்கள். அருவி. வருகைப் பதிவில் அவன் பேரைக் கூப்பிட்டதும் பின்னாலிருந்து "அருவி பிரசன்ட் சார்". போர்டில் இரண்டு கண், கண்ணிலிருந்து தண்ணீர், கீழே துண்டு கட்டிக்கொண்டு குளிக்கிற ஆட்கள். படம் நன்றாகத்தான் இருந்தது. நானும் சிரித்தேன். மொத்தம் நாலு தடவை சிரித்திருக்கிறேன், எண்ணிப் பார்த்துவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் வேல்ராஜ் தீர்ப்புச் சொன்னான். "இருநூத்தி ஒம்பது செல்லாதுலே. அவம் அழுதுகிட்டுல்லா நின்னிருக்கான். அழுதுகிட்டு நின்னது கணக்குல சேராது."

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். இப்போது இரண்டாம் இடம் வேல்ராஜுக்கு, நூற்று நாற்பதுடன். முதல் இடம் நான்தான். இன்னும்.

சாயந்திரம் அம்மா போனில் வகுப்பு குரூப்பைப் பார்த்தேன். ஆண்டுவிழா போட்டோவில் இருந்து இசக்கி முகத்தை வெட்டி, கண்ணில் தண்ணீர் கொட்டுகிற மாதிரி ஸ்டிக்கர். முப்பது பேர் சிரிப்பு போட்டிருந்தார்கள். நான் போடவில்லை. அப்புறம், நான் மட்டும் போடாமல் இருந்தால் சந்தேகம் வருமே என்று போட்டேன்.

இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். அந்த ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் முன்னால் அக்கா கல்யாணம். சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்கு, சிவகிரிக்குப் போய்விட்டாள். பதினாறு வருஷம் டிவி ரிமோட்டுக்கு அவளோடு அடிதடி. ஞாயிறு காலை எழுந்து பார்க்கிறேன், ரிமோட் நான் உட்காரும் பக்கத்தில் கிடக்கிறது. பிடுங்க ஆள் இல்லை. என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு அப்பா, "ஆம்பளப் பய என்னத்துக்குலே மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையுத?" என்றார். அன்றைக்கு அருவிக்குள் போனவன்தான். தண்ணீர் தலையில் விழுந்ததும் ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. அழுகை நின்ற பிறகு வெளியே வரலாம் என்று உள்ளேயே இருந்தேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு வந்த கதை இதுதான். கைதட்டினார்கள். வேல்ராஜ் தோளில் தூக்கினான். பார்டர் பரோட்டாக் கடையில் எனக்கு மட்டும் ஆம்லேட்.

ஜூலை 11, வெள்ளி

நேற்று இசக்கி வரவில்லை. இன்று வந்தான். பையைத் தோளில் மாட்டாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். உட்காரும்போது சட்டை விலகியது. வலது தோளில் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது.

அவனிடம் கேட்கத் தைரியம் இல்லை. வேல்ராஜ் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்ததில் தெரிந்துகொண்டேன். இசக்கி அப்பாவுக்குப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் கடை. வேல்ராஜின் மாமா அங்கே டெம்போ ஓட்டுகிறார். புதன்கிழமை, லோடுமேன்கள் எல்லாம் நிற்கும்போது அவர் கேட்டிருக்கிறார், "அண்ணாச்சி, ஒங்க மவன் அருவில போயி அழுவானாமே?" மார்க்கெட்டே சிரித்ததாம். மறுநாள் விடிந்ததும் அவன் அப்பா இசக்கியைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், மத்தியானம் வரை பல்லாரி வெங்காய மூட்டை தூக்க வைத்திருக்கிறார்.

"அவங்க அப்பா சொன்னாராம்லே, ரெண்டு மூட தூக்குனா கண்ணீரு வேர்வையா போயிரும்னு." வேல்ராஜ் இதைப் பெருமையாகவே சொன்னான். இசக்கிக்கு நல்லது நடந்த மாதிரி.

இசக்கி அப்பா அடிக்கிற ஆள். தெரியும். அவன் வீட்டில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு நாள், குழம்பில் உப்பு இல்லை என்று தட்டு பறந்தது. அவன் அம்மா சிரித்துக்கொண்டே எனக்கு வேறு தட்டு வைத்தாள்.

சாயந்திரம் வகுப்பு முடிந்ததும் அவன் பையை நான் எடுக்கப் போனேன்.

"நீ விடு."

நாலு நாளில் அவன் என்னிடம் பேசியது இந்த இரண்டு வார்த்தை.

அக்கா போன் பண்ணினாள். நன்றாகப் படிக்கிறாயா என்றாள். படிக்கிறேன் என்றேன். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். சளி.

ஜூலை 13, ஞாயிறு

நல்ல சாரல், மலைப் பக்கம் கருப்பு. போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே துண்டை எடுத்து வைத்தேன். போனேன்.

இசக்கி வர மாட்டான் என்று நம்பியிருந்தேன். வேல்ராஜ் அவன் வீட்டுக்கே போயிருக்கிறான். அவன் அப்பா முன்னால் நின்று, "அருவிக்குப் போறோம், இசக்கிய அனுப்புங்க அண்ணாச்சி" என்று கேட்டிருக்கிறான். அவரே வெளியே தள்ளிவிட்டாராம், "போலே, போயி ஆம்பள மாதிரி நின்னுட்டு வா" என்று.

பேரருவியில் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை கேட்கவா வேண்டும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்கள், விசில் ஊதுகிற போலீஸ், சோப்புக் கவர், வழுக்கல். ஏழு பேர் போனோம்.

இந்தத் தடவை விதியை மாற்றிவிட்டான் வேல்ராஜ். இசக்கி நடுவே நிற்கக் கூடாது. ஓரத்தில், தண்ணீர் முதுகில் மட்டும் விழ, முகம் வெளியே தெரிய நிற்க வேண்டும். அழுகிறானா இல்லையா என்று பார்க்கத்தான். இரண்டு பேர் அவன் கையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். உரிந்த தோளில் தண்ணீர் விழுந்தது. அவன் முகம் இறுகியது. எனக்கு என் தோள் எரிந்தது என்று எழுதலாம். பொய். எனக்கு ஒன்றும் எரியவில்லை. நான் நன்றாக நின்றுகொண்டிருந்தேன்.

"கண்ணப் பாருலே, கண்ணப் பாரு. எண்ணுங்கலே."

எண்ண ஆரம்பித்தார்கள். பக்கத்தில் எண்ணெய் வழிய நின்ற வெளியூர்க்காரர் ஒருவர், எதற்கென்று தெரியாமலே சேர்ந்து எண்ணினார். அவர் பேரனும் எண்ணினான். இசக்கி யாரையும் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தான். நானும் எண்ணினேன்.

மேலே தண்ணீர் கூடிவிட்டது போல. அபாயச் சங்கு ஊதியது. போலீஸ் ஓடி வந்து, "எல்லாரும் வெளிய வாங்க, வெளிய வாங்க" என்று தள்ளினார்கள். சங்கு ஊதியதும் எல்லோரும் எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். எனக்குத்தான் நிறுத்தத் தெரியவில்லை. மற்றவர்கள் எண்ணுவது நின்றதில் என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. "அறுபத்தி நாலு."

அது இசக்கிக்குக் கேட்டது.

அவன் அழவில்லை. வேல்ராஜே "பரவால்லலே, தேறிட்டான்" என்றான். துண்டைப் பிழிந்து தலையில் போட்டுக்கொண்டு இசக்கி தனியாக வீட்டைப் பார்த்து இலஞ்சிப் பக்கம் நடந்து போய்விட்டான்.

வீட்டில் மத்தியானம் கோழிக்குழம்பு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். இதையும் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

நாளைக்கு வகுப்பில் சொல்லிவிடுவேன். எழுதிவிட்டேன், இனி மாற்ற முடியாது.

ஜூலை 14, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மேத்ஸ் சார் வருவதற்கு முன்னால், போர்டுக்குப் போய் எல்லோரையும் பார்த்து நின்றேன். இரண்டு வரிதான் மனப்பாடம் செய்திருந்தேன். "அந்தச் சீட்டு என்னோடது. இசக்கி இல்ல, நான்தான் அருவில அழுதேன்."

செவ்வாய்க்கிழமை மாதிரியே சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன்.

வேல்ராஜ் எழுந்து வந்தான். என்னை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"இருநூத்திப் பன்னெண்டு நின்னவன் அழுவானாலே? யாருட்ட கத விடுத?" பிறகு வகுப்பைப் பார்த்து, "பாத்துக்கோங்கலே. பிரண்டுக்காகப் பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டான். இதாம்லே ஆம்பள!"

கைதட்டினார்கள். பின்பெஞ்சில் இரண்டு பேர் விசில். ஒருத்தனுக்குக் கண் கலங்கியே விட்டது, அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நெசமாத்தான்லே. நான்தான்" என்றேன். "சரி சரி, போதும்லே" என்று முதுகில் தட்டினார்கள். போர்டில் ஒரு மூலையில் மிச்சமிருந்த கண் படத்தை வேல்ராஜே அழித்தான். ஸ்டிக்கரை இனி யாரும் போடக் கூடாது என்றான். இசக்கியைப் பார்த்து, "இப்படி ஒரு பிரண்டு கெடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும்லே" என்றான்.

இசக்கி அவனுக்குத் தலையாட்டினான். ஆட்டித்தானே ஆக வேண்டும்.

அழுது காட்டினால் நம்புவார்கள் என்று தோன்றியது. அங்கேயே நின்று கண்ணை இறுக்கிப் பார்த்தேன். அக்காவை நினைத்தேன், ரிமோட்டை நினைத்தேன், இசக்கியின் தோளை நினைத்தேன். ஒரு சொட்டு வரவில்லை. மேத்ஸ் சார் வந்து, "என்னடே போர்டுகிட்ட நிக்க, போயி உக்காரு" என்றார்.

ஒரு வாரத்துக்கு முன்னால் நான் கோழை, முதலிடம். இன்று தியாகி, அதே முதலிடம். செய்தது ஒன்றுதான்.

மதுரை சார் கொடுத்த நோட்டீஸில் நம்பர் இருந்தது. சாயந்திரம் அம்மா போனில் கூப்பிட்டேன். என் கையெழுத்துச் சீட்டு கிடைத்தால் வகுப்பில் காட்டலாம் என்ற யோசனை. கிழித்த துண்டாக இருந்தாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

"அன்னைக்கே எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டேன் தம்பி. வாக்குக் குடுத்தேன்ல? நீங்க எந்தச் சீட்டைச் சொல்றீங்க?"

"அருவில அழுதேன்னு எழுதுனது சார்."

"அதுல எது தம்பி? அருவின்னு ரெண்டு பேரு எழுதியிருந்தாங்க. ஒண்ணைத்தான் அங்க சொன்னேன். இன்னொண்ணை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்."

போனை வைத்ததும் அம்மா, "யாருலே சார்? எதுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றாள். மார்க் கேட்டேன் என்றேன்.

ரெண்டு பேர். இசக்கி ஏன் இல்லை என்று சொல்லாமல் தலையைக் குனிந்தான் என்று இப்போது புரிகிறது.

ஜூலை 15, செவ்வாய்

சாரல் இல்லை. ஒரு வாரத்துக்கு அப்புறம் வெயில். யூனிபார்ம் மொடமொடவென்று காய்ந்திருந்தது.

இசக்கி தோள் ஆறும் வரை பஸ்ஸில்தான் வருகிறான். சாயந்திரம் பஸ் ஸ்டாப்பில் போய்ப் பக்கத்தில் நின்றேன். விலகிப் போகவில்லை. இலஞ்சி பஸ் வர நேரம் இருந்தது.

அது என் சீட்டு என்றுதான் நினைத்தேன், உன்னுடையதும் இருந்தது எனக்குத் தெரியாது, சாரிடம் கேட்டுத்தான் தெரிந்தது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் எழுதும்போது நீ எட்டிப் பாத்துட்டன்னு நெனச்சேன். அதான் பேசாம இருந்தேன். உண்மையத்தான சொல்லுதான்னு."

"நான் பாக்கலலே. சத்தியமா பாக்கல."

"அப்போ தெரியாமலே என்னைக் காட்டிருக்க." திரும்பாமலே, "அது இன்னும் மோசம்லே."

ஆமாம் என்றேன். மன்னிச்சிக்கோ என்று சொல்லத்தான் போனேன். நேற்றைய கைதட்டல் காதில் கேட்டது, வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு பஸ் வந்தது. செங்கோட்டை. போய்விட்டது.

அவனாகவே பேசினான். "நேத்து நீ சொன்னப்ப நானும் நம்பல. எனக்காகப் பொய் சொல்லுதன்னுதான் நெனச்சேன். நெசமாவே அழுதியா? எப்போ?"

"போன ஆகஸ்ட். அந்த ஞாயித்துக்கெழம."

திரும்பி என் முகத்தைப் பார்த்தான். இந்த ஒரு வாரத்தில் முதல் தடவை.

"இருநூத்திப் பன்னெண்டா?"

"ஆமா."

சிரிப்பது மாதிரி ஒரு சத்தம் அவன் மூக்கிலிருந்து வந்தது. சிரிக்கவில்லை. "நானும் அன்னைக்குத்தாம்லே. மொத நாள் ராத்திரி எங்கப்பா அம்மாவப் போட்டு அடிச்சாரு. நான் பாத்துக்கிட்டே நின்னேன். தடுக்கல."

எனக்குப் பக்கத்தில், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் அன்றைக்கு நின்றான். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத் தோற்கடிக்கத்தான் நிற்கிறான் என்று நினைத்துப் பல்லைக் கடித்தது ஞாபகம் இருக்கிறது.

"நீ மொதல்ல வெளிய போவ, பொறவு கொஞ்ச நேரம் தனியா நிக்கலாம்னு பாத்தேன்" என்றான். "நீ போவவே மாட்டேங்குத. வெளிய அவனுக இருநூறுன்னு கத்துதானுவ. சரி, இவன் இன்னைக்குப் போவ மாட்டான்னு நான் வந்துட்டேன்."

இலஞ்சி பஸ் வந்துவிட்டது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினான். மிச்சத்தை எங்கே அழுதாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.